இல்லாத சித்தப்பாவுக்கு ஒரு மகள்

அத்தியாயம் ஆறு

"செத்துப்போன ஆளைத் தேடணும்னா சொல்லுங்க, தேடுறேன். ஓடிப்போன ஆளைத் தேடணும்னாலும் தேடுறேன். பொறக்கவே பொறக்காத ஆளை நான் எங்கன்னு போய்த் தேடுறது?" என்றார் சந்தேகம்.

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை. சொல்லப்போனால் அதில் கண்ணாடியே இல்லை. வெறும் ஃபிரேம்.

"காத்தைத் துடைச்சது போதும், விஷயத்துக்கு வாங்க" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மா.

இந்த இரண்டு பேரையும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தேகத்துக்கு வயது எழுபத்தாறு. படிப்பு நாலாங்கிளாஸ், அதுவும் பாதி. பஸ் கண்டக்டராகச் சேர்ந்து, பிறகு முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் பரிசோதகர். பெற்ற தாய் பஸ்ஸில் வந்தபோதும் கையை நீட்டி டிக்கெட் கேட்டவர். அப்பா அம்மா வைத்த பெயர் பென்ஷன் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, வெளியே யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலை ஓய்ந்த பிறகும் சந்தேகம் ஓயாததால் துப்பறிய வந்துவிட்டார்.

சம்பந்தியம்மா, இவருடைய மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொண்டவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்டவர். கேட்டதை எல்லாம் இப்போது பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடிக்கடைக்காரர் ஃபிரேமை மேஜைமேல் வைத்தார்.

"நாங்க ஏழு பேரு சார். எல்லாரும் இன்டர்நெட்ல பிளாக் எழுதுறவங்க. அவங்கவங்க பாட்டன் பூட்டன் யாரு, எங்கருந்து வந்தாங்க, என்ன வேலை செஞ்சாங்க, இதைத்தான் தோண்டித் தோண்டி எழுதுவோம். ஒருத்தருக்கு ஒரு பழைய காயிதம் கெடச்சா ஏழு பேரும் குதிப்போம். மாசத்துல முதல் சனிக்கிழமை நூலகத்து மாடியில கூட்டம். உங்க சம்பந்தியம்மாவும் அதுல ஒருத்தர்."

"இவங்க வம்சத்தைப் பத்தி எழுத என்ன இருக்கு?"

"மூணு தலைமுறையா யாரும் வாயை மூடினதில்ல. அதுவே பெரிய சரித்திரம்" என்றார் சம்பந்தியம்மா.

"கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் சார். ஆதாரம் இல்லாம குடும்ப மரத்துல ஒரு இலைகூட ஒட்டக் கூடாது. அந்தச் சட்டத்தை எழுதிச் சுவத்துல மாட்டினதே நான்தான்." கண்ணாடிக்கடைக்காரரின் குரல் இறங்கியது. "அதை மீறினதும் நான்தான்."

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. இவர் எழுதுவதை யாரோ பெயர் போடாமல் எடுத்து எடுத்துத் தங்கள் பிளாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க இவர் ஒரு பொறி வைத்தார். எலிப்பொறியில் தீனி வைப்பது போல, தன் குடும்ப மரத்தில் இல்லாத ஒரு சித்தப்பாவைச் செய்து வைத்தார். அந்தச் சித்தப்பா எவன் பிளாக்கில் தலை காட்டுகிறாரோ, அவன்தான் திருடன்.

"எத்தனை எலி விழுந்துச்சு?"

"நாலு. பல் டாக்டர் சும்மா எடுத்து ஒட்டினதோட நிக்கல. 'இவர் வாசிச்சதை எங்க அப்பாவே நேர்ல கேட்டிருக்கார்'னு சேத்து எழுதிட்டார்."

"அடப்பாவி! சரி, நாலாவது யாரு?" என்றார் சம்பந்தியம்மா ஆர்வமாக.

கண்ணாடிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

சம்பந்தியம்மா மேலே பார்த்தார். "இந்த மின்விசிறி என்ன இப்படிச் சுத்துது."

சந்தேகத்துக்கு வாயோரம் துடித்தது. சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரிப்பதில்லை என்று வைத்திருந்தார்.

"கேக்கிறவங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன் சார், யாரும் கேக்கல. அப்படியே விட்டுட்டேன். நேத்து இது வந்திருக்கு." கண்ணாடிக்கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். மெயிலில் வந்ததை அச்செடுத்து வைத்திருந்தார். நாலே வரி.

சந்தேகம் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் சம்பந்தியம்மா பிடுங்கிப் படித்துவிட்டார். "'வணக்கம். உங்கள் சித்தப்பாவின் மகள் நான். அப்பாவின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாளை நாலு மணிக்கு உங்கள் கூட்டத்துக்கு வருகிறேன்.' அவ்வளவுதான். கீழே ஒரு டிரைவிங் ஸ்கூல் பேரும் நம்பரும்."

"நாலு மணிக்கு அந்தம்மா எல்லார் முன்னாலயும் நின்னு 'அண்ணா'ன்னா நான் என்ன சொல்ல?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "ஆமான்னா, யாரோ ஒரு பித்தலாட்டக்காரியை நானே உள்ளே கூட்டிட்டு வந்தவன் ஆயிடுவேன். இல்லன்னா, கூட இருந்தவங்களுக்கு மூணு வருஷமாப் பொய்யை ஊட்டினவன். கூட்டத்தை விட்டே அனுப்பிடுவாங்க. பெத்தவங்களுக்கு நான் ஒரே புள்ள. அறுபத்தொரு வயசாகுது, சொந்தம்னு எண்ணினா ஒரு கை விரல் தேறாது. அந்த ஆறு பேரையும் விட்டா எனக்கு யாரு சார் இருக்கா?"

மணி பதினொன்று.

சந்தேகம் படத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஜரிகைக் கோட்டு போட்ட இளவட்டம் ஒருத்தன், கிளாரினெட்டை வாயில் வைத்தபடி ஒற்றைக்காலில் நிற்கிறான். மற்ற காலை முட்டி வரைக்கும் தூக்கியிருக்கிறான். முட்டிக்குக் கீழே படம் இல்லை. அந்த மூலையே கிழிந்து போயிருந்தது.

"நீங்க பிளாக்ல என்ன எழுதினீங்க?"

சம்பந்தியம்மா தன் செல்போனிலேயே எடுத்தார். திருடியவர் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. "'என் சித்தப்பா சர்க்கஸ் பேண்டில் இருந்தார். ஒற்றைக்காலில் நின்று கிளாரினெட் வாசிப்பார். அப்போது அந்தக் கிளாரினெட்டின் வாய் கிணறு மாதிரி தெரியும், உள்ளே ஒரே இருட்டு.' இவ்வளவுதான் சம்பந்தி. பக்கத்துல வழக்கம்போல இவரோட சின்ன வயசுப் படம், கோடு போட்ட தொப்பியோட. மூணு வயசு. எந்தப் போஸ்ட்டைத் திறந்தாலும் இந்தத் தொப்பிதான் முதல்ல வந்து நிக்கும்."

"இதெல்லாம் எங்கருந்து புடிச்சீங்க?"

"எங்கயும் புடிக்கல சார். மத்தியான நேரம், கடையில ஆள் இல்ல. கொட்டாவி விட்டுக்கிட்டே எழுதினேன். தோணிச்சு."

"இவரு எழுதினதைப் படிச்சுட்டு அந்தப் பொம்பள கம்ப்யூட்டர்ல படம் செஞ்சிருக்கா" என்றார் சம்பந்தியம்மா. "கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லலாமா?"

"இருங்க." சந்தேகம் கையை நீட்டினார். "பூதக்கண்ணாடி."

கண்ணாடிக்கடையில் அதற்குப் பஞ்சமா? பெரியதாக ஒன்று வந்தது. சந்தேகம் படத்தின்மேல் கவிழ்ந்தார். கிளாரினெட் வாசிக்கும் கையில் கடிகாரம். கடிகார வாருக்குள் செருகி ஒரு துண்டுக் காகிதம்.

"டிக்கெட்" என்றார் சந்தேகம். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலுக்குப் பத்து வயது குறைந்துவிடும். "நீளமா இருக்கு பாருங்க. நடுவுல முக்கோண ஓட்டை. நான் கண்டக்டராச் சேந்த முதல் வருஷம் மட்டும்தான் இந்த ஊர் டிப்போவுல இருந்துச்சு. அடுத்த வருஷமே முக்கோணத்தை எடுத்துட்டு வட்டம் கொடுத்துட்டாங்க. கம்ப்யூட்டர்ல பொய்ப் படம் செய்யிறவளுக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே மறந்து போச்சு."

"அப்ப படம் நெஜமா?"

"படம் நெஜம். ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால, இதே ஊர்ல. அதுக்காக அந்தம்மா நெஜம்னு ஆயிடாது." தாளைத் தட்டினார். "முப்பத்து நாலு வருஷம் பொய் கேட்டே சம்பளம் வாங்கினவன் நான். டிக்கெட் எடுக்காதவன் என்ன சொல்லுவான்? பர்ஸை வீட்டுல வெச்சுட்டேன்பான். தூங்கிட்டேன்பான். பொய் எப்பவும் சப்புனு இருக்கும். ஒருத்தன் மட்டும் 'டிக்கெட்டை ஆடு தின்னுடுச்சு'ன்னான். சட்டையைப் புடிச்சு இறக்கிட்டேன். அப்புறம் பாத்தா, பின் சீட்டுக்கு அடியில அவன் ஆடு இன்னும் மென்னுக்கிட்டு இருக்கு. கோணல்மாணலா இருந்தா அது உண்மை. இந்தக் கடுதாசி? நாலு வரி. சப்புனு இருக்கு."

மேஜை ஓரத்தில் ஒரு தடித்த ஆல்பம் இருந்தது. மாலைக் கூட்டத்தில் காட்டுவதற்காக வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சந்தேகம் பழக்கதோஷத்தில் அதைப் புரட்டிக்கொண்டே உதட்டை அசைத்து எண்ணினார். பஸ்ஸில் தலை எண்ணுகிற மாதிரி.

"மொத்தம் எத்தனை படம்?"

"நாப்பத்தொண்ணு சார். எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்திட்டேன்."

"படம் ஒட்டின இடம் நாப்பத்திரண்டு இருக்கே. நாப்பத்திரண்டு தலை, நாப்பத்தொரு டிக்கெட்."

"அது கடைசிப் பக்கம் சார். படம் இல்ல, ஏதோ கிழிசல் ஒட்டிக்கிட்டு இருக்கு. கிழிசலை எதுக்கு ஸ்கேன் பண்ணணும்னு விட்டுட்டேன்."

அதற்குள் கண் பரிசோதனைக்கு ஆள் வந்துவிட்டது. ஆல்பம் பைக்குள் போனது. சந்தேகத்துக்கு மட்டும் அந்த ஒரு தலை உறுத்திக்கொண்டே இருந்தது.

சம்பந்தியம்மா ஏற்கெனவே போனில் இருந்தார். எக்ஸ்சேஞ்சுக் குரலில், தேன் ஒழுக. "டிரைவிங் ஸ்கூலா? கார் ஓட்டக் கத்துக்கணும். ஆமா, எனக்குத்தான். வயசா? கார் ஓட்டுறதுக்கு வயசு என்னத்துக்கு, கால் எட்டினாப் போதாதா?"

*

இரண்டரை மணிக்கு டிரைவிங் ஸ்கூல் கார் வந்தது. சம்பந்தியம்மா ஸ்டீயரிங்கில். பக்கத்தில் டிரைவிங் டீச்சர். ஐம்பது வயது, கம்பீரமான குரல், காலில் பளபளவென்று புதுச் செருப்பு. பின் சீட்டில் சந்தேகம், ஒரு கையால் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி.

"இவர் எதுக்கு?" என்றார் டீச்சர்.

"எங்க சம்பந்தி. நான் செத்தா சாட்சி வேணும்ல" என்றார் சம்பந்தியம்மா.

"ரைட், போலாம்" என்று சந்தேகம் தன்னை அறியாமல் குரல் கொடுத்தார். கார் ஒரு முறை துள்ளி நின்றது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்கம்மா. ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி புடிக்காதீங்க."

"இவரு கழுத்துன்னு நெனச்சுத்தான் புடிச்சேன்."

மூன்றாவது துள்ளலில் கார் நகர்ந்தது. தெரு காலியாக இருந்தது. அல்லது பார்த்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"மூணரைக்கு முடிச்சுக்கணும்மா. இன்னிக்கு எனக்கு முக்கியமான நாள்" என்றார் டீச்சர். அடக்கி அடக்கிப் பார்த்தும் சிரிப்பு அவர் முகத்தில் நிற்காமல் வழிந்தது. "வாழ்க்கையில முதல் தடவையா எங்க அண்ணனைப் பாக்கப் போறேன். பெரியப்பா பையன். 'அண்ணா'ன்னு கூப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கேன், காலையிலருந்து. எனக்கு அப்படிக் கூப்பிட ஆளே இருந்ததில்லையா, வாயில ஒட்ட மாட்டேங்குது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க. அண்ணா! இல்ல, அண்ணா... எது நல்லா இருக்கு?"

"ரெண்டாவது" என்றார் சம்பந்தியம்மா. "முதல் தடவை கடன் கேக்கிற மாதிரி இருக்கு."

சந்தேகம் தொண்டையைச் செருமினார். "அண்ணன் வசதியா? சொந்த வீடா?"

"தெரியாதுங்க."

"சொத்து பத்து?"

"அதுவும் தெரியாது. அவர்கிட்ட கேக்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கு." டீச்சர் கார்க் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த ஒரு படத்தை எடுத்துப் பின்னால் நீட்டினார். அதே படம், அசல். "எங்க அப்பா. எனக்கு ஒம்பது வயசுல போயிட்டாரு. அப்பா வழியில எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு படம்தான். 'ஏம்பா ஒத்தக்கால்ல நிக்கிறே, அந்தக் கால் எங்கே'ன்னு சின்னதுல கேட்டேன். 'அந்தக் கால் எங்க அண்ணன் வீட்டுல இருக்கு'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. எப்பக் கேட்டாலும் அதே பதில்தான். அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கணும்."

சந்தேகம் படத்தைத் திருப்பினார். கிழிந்த ஓரம் பல் பல்லாக இருந்தது. முதுகில் காய்ந்த பசை.

"அண்ணன் இருக்கார்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"நானும் பிளாக் எழுதுறேன் சார், படிக்கத்தான் ஆள் இல்ல. ஒரு பல் டாக்டர் பிளாக்ல 'ஒற்றைக்காலில் நின்று கிளாரினெட் வாசிப்பார்'னு இருந்துச்சு. உக்காந்திருந்தவ எழுந்து நின்னுட்டேன். அங்கருந்து மூணு பிளாக் தாண்டி, எல்லாத்துக்கும் மூலம் அண்ணன் பிளாக்தான்னு தெரிஞ்சுது. நாலு பக்கம் கடுதாசி எழுதி எழுதி அடிச்சுட்டேன். கடைசியில நாலு வரிதான் நின்னுச்சு."

சம்பந்தியம்மா கண்ணாடி வழியாகச் சந்தேகத்தை ஒரு பார்வை பார்த்தார். சப்புனு இருக்குன்னீங்களே என்ற பார்வை.

"அப்பா சர்க்கஸ்லயும் ஒத்தக்கால்லதான் வாசிப்பாரா?" என்றார் சந்தேகம்.

"இல்லையே! நான் பாத்தவரைக்கும் ரெண்டு கால்லயும் நல்லா ஊணித்தான் நிப்பாரு. இந்தப் படத்துல மட்டும்தான் இப்படி."

இந்த நேரத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். சந்தேகத்தின் மூக்குக்கண்ணாடி கழன்று கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர், சீட்டுக்கு அடியில் தலையை விட்டபடி அண்ணாந்தார். அங்கிருந்து பார்த்தால் கார் கார் மாதிரியே இல்லை. பிரேக் போட்டதில் தண்ணீர் கொட்டிப்போய், டீச்சர் கையில் இருந்த குவளை காலியாகத் தலைகீழாகத் தொங்கியது. அதன் வாய் வட்டமாக, உள்ளே ஒரே இருட்டாக...

கிணறு மாதிரி.

சந்தேகம் அப்படியே இருந்தார்.

கிளாரினெட்டின் வாய் தரையைப் பார்த்துத் தொங்கும். எதிரே நிற்கிறவனுக்கு அதன் உட்புறம் தெரியாது. கூட்டத்தில் இருப்பவனுக்கும் தெரியாது. கிணறு மாதிரி தெரிய வேண்டுமென்றால் வாசிக்கிறவன் காலடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பொய் தோன்றுமா? சர்க்கஸ், பேண்ட், இதெல்லாம் தோன்றலாம். ஒற்றைக்காலும் கிணறும்? கோணல்மாணல்! காலையிலிருந்து ஆடு கண்ணெதிரே நின்று மென்றுகொண்டிருந்தது. அவர்தான் கடுதாசியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாப்பத்திரண்டு தலை. நாப்பத்தொரு டிக்கெட்.

"நிறுத்து!" என்று கத்தினார்.

சம்பந்தியம்மா பதறிப்போய் மிதித்தார். மிதித்தது வேறு. கார் சீறிக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ, அது ஆக்சிலேட்டர்!"

"நிறுத்த வேணாம், போங்க, இதே வேகத்துல போங்க! நூலகத்துக்கு!" என்றார் சந்தேகம்.

"நூலகமா? அட, நானும் அங்கதான் போகணும்!" என்றார் டீச்சர்.

"தெரியும்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

*

நூலகத்து மாடிப்படி ஏறும்போதே மேலே கைதட்டல் கேட்டது.

"எங்க பாட்டனோட பள்ளிக்கூட மார்க் அட்டை கெடச்சிருச்சு!" ஒரு ஆண் குரல். "கணக்குல நூத்துக்கு மூணு!"

"மூணா! அப்ப உங்க கணக்கு பரம்பரைதான்!" ஒரே ஆரவாரம். மேஜை தட்டுகிற சத்தம்.

பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் குரல் வந்தது. மணி இன்னும் நாலாகவில்லை. மனிதர் அதுவரைக்கும் பொறுக்கவில்லை.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன். என் பிளாக்ல கிளாரினெட் வாசிக்கிற சித்தப்பான்னு ஒருத்தர் இருக்கார்ல? அப்படி யாரும் இல்ல. அது பொய். நான்தான் கட்டிவிட்டேன்."

வாசலில் மூன்று பேரும் நின்றுவிட்டார்கள்.

டிரைவிங் டீச்சர் முகத்தில் சாயங்காலம் வரைக்கும் வழியும் என்றிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கையில் படம். காலில் புதுச் செருப்பு. "பொய்யா?" என்றார், யாரையும் பார்க்காமல். காரில் அவ்வளவு பெரிதாக இருந்த குரல் இப்போது காதில் விழுவதே கஷ்டமாக இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பினார். பார்த்ததும் புரிந்துகொண்டார். "அம்மா... நீங்க... என்னை மன்னிச்சிடும்மா."

"நான் வரேன்" என்று டீச்சர் படிப்பக்கம் திரும்பினார்.

சந்தேகம் குறுக்கே கையை நீட்டினார். பஸ் படிக்கட்டில் முப்பத்து நாலு வருஷம் நீட்டிய கை. அதைத் தாண்டி ஒரு ஆள் இறங்கியதில்லை.

"டிக்கெட்டை எடுங்க."

"என்னது?"

"கையில இருக்கில்ல. குடுங்க." படத்தை வாங்கிக்கொண்டு மேஜைக்கு நடந்தார். "ஆல்பம் எங்கே? கடைசிப் பக்கத்தை எடுங்க."

"அதுல வெறும் கிழிசல்தான் சார் இருக்கு..."

"கிழிசலுக்காகத்தான் காரை இந்த ஓட்டு ஓட்டிக்கிட்டு வந்தோம். எடுய்யா!"

ஆறு பிளாக்காரர்களும் மேஜையை மொய்த்தார்கள். கடைசிப் பக்கம் திறந்தது. கறுப்பு அட்டையில், பசையோடு இறுகி, நெருப்புப்பெட்டி அளவுக்கு ஒரு படத்துண்டு. சந்தேகம் பூதக்கண்ணாடி கேட்கவில்லை. டீச்சரின் படத்தைக் கொண்டுபோய் அந்தத் துண்டின்மேல் வைத்து, மெதுவாக நகர்த்தினார். பல்லும் பல்லும் சேர்ந்தன. டிக்கெட்டும் அடிக்கட்டையும் சேர்வது போல, ஒரு நூல் பிசகாமல்.

முட்டிக்குக் கீழே கால் வந்துவிட்டது.

கால் மட்டும் வரவில்லை. தூக்கிய காலின் பாதத்தின்மேல் ஒரு குழந்தை குதிரை ஏறின மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு கையாலும் கணுக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்தபடி அண்ணாந்து கிளாரினெட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் கோடு போட்ட தொப்பி.



"அந்தத் தொப்பி!" என்று அலறினார் பல் டாக்டர். "பிளாக்ல தினம் பாக்குற தொப்பி!"

"நான்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். ஊருக்கே கண் பார்க்கிறவருக்குக் கண் மங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது நான்."

"நீங்க பொய்யின்னு நெனச்சுக்கிட்டு உண்மையை எழுதிட்டீங்க" என்றார் சந்தேகம். "மூணு வயசுல கால்மேல உக்காந்து பாத்தது. ஆள் மறந்துபோச்சு, கிணறு மறக்கல. அண்ணன் தம்பிக்குள்ள என்ன சண்டையோ, அதை ரெண்டு பேருமே சொல்லாமக் கொண்டுபோயிட்டாங்க. தம்பி கோவத்துல படத்தைப் பிச்சு எடுத்திருக்காரு. பசை ஒரு மூலையை விடல. நாப்பத்தொரு படத்தை ஸ்கேன் பண்ணின ஆளு, குப்பைன்னு விட்டது சொந்த சித்தப்பா காலை!"

டீச்சர் கிட்டே வந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நர்ஸம்மா தண்ணீர் எடுத்தார். நர்ஸம்மாதான் கூட்டத்துக்குத் தலைவி. ஆனால் டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரச் சிரித்தார்.

"அந்தக் கால் எங்க அண்ணன் வீட்டுல இருக்குன்னு சொன்னாரே! நெஜமாவே இங்கதான் இருந்திருக்கு! மழை வந்தா அப்பாவுக்கு இந்தக் கணுக்கால் வலிக்கும். சர்க்கஸ்ல விழுந்ததுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதானா அது?"

"அப்ப நான் கொஞ்சம் குண்டு" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அண்ணா" என்றார் டீச்சர். காரில் ஒத்திகை பார்த்த இரண்டு மாதிரியும் இல்லை. சும்மா, காலங்காலமாகக் கூப்பிட்டுப் பழகியவர் போல வந்து விழுந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரே ஒரு விரலை மடக்கினார். ஒரு கையில் தேறாத சொந்தத்தில் புதுசாக ஒன்று.

நர்ஸம்மா சுவரில் மாட்டியிருந்த சட்டத்தை ஒரு தடவை பார்த்தார், ஆல்பத்தை ஒரு தடவை பார்த்தார். "பொய் எழுதினதுக்கு உங்களை விலக்கணும். ஆனா எழுதினது பொய்யா இல்லாமப் போச்சு. ஆதாரம் இருக்கு, இலையை ஒட்டலாம். அடுத்த மூணு மாசத்துக்கு டீ மட்டும் உங்க செலவு."

மேஜைமேல் ஏழு ஜோடிக் கைகள் மேளம் கொட்டின. எட்டாவதாக டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

"அப்ப நான் எழுதினதும் உண்மைதானே?" என்றார் பல் டாக்டர் மெதுவாக.

"உங்க அப்பா நேர்ல கேட்டாரே, அந்த ஆதாரத்தை எடுங்க, பாக்கலாம்" என்றார் சம்பந்தியம்மா.

"நீங்களும்தானே எடுத்து ஒட்டினீங்க!"

"நான் ஒட்டாம இருந்தா இந்தம்மா தாண்டி வர மூணு பிளாக் எங்கருந்து வரும்? இது திருட்டு இல்ல, எக்ஸ்சேஞ்சு வேலை. லைன் போட்டுக் குடுத்தேன்!" என்றவர், டீச்சர் பக்கம் திரும்பினார். "நாளைக்கும் கிளாஸுக்கு வரேம்மா. இனிமே நெஜமாவே கத்துக்கணும்."

"வாங்க. ஆனா சம்பந்தியைக் கூட்டிட்டு வராதீங்க. அவர் நிறுத்துன்னா நீங்க பறக்கிறீங்க."

யாரும் பார்க்காத நேரத்தில் சந்தேகம் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். விரலால் தொட்டுத் தொட்டு, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில், ஒன்றாகச் சேர்ந்திருந்த படத்தின்மேல் விரல் நின்றது. வேலை நேரம் முடிந்துவிட்டதால் இப்போது சிரித்தார்.

"நாப்பத்திரண்டு" என்றார். "ரைட், போலாம்."